ஒரே அங்கிக்குள் எத்தனை பேர்?

அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையை நினைத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளை அறிந்தவர்களுக்கு அவர் புதியவராக இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திருவிருந்து கொடுப்பவர் சேகரத்துக் குருவானவர். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்குத் தாளாளரும் அவரே. மகளுக்குத் திருமண ஓலை வாசிக்க வேண்டியவரும், மாமனாரை அடக்கம் செய்தவரும் அவர்தான். சேகரக் கமிட்டிக்கு அவரே தலைவர். ஆசிரியையின் குடும்பம் குடியிருக்கும் கோவில் மனைக்கு வாடகை ரசீது அவர் கையெழுத்தோடுதான் வரும். கணவர் குடித்துவிட்டு அடிப்பதைப் பற்றி அந்த ஆசிரியை யாரிடமாவது மனம்விட்டுப் பேசியாக வேண்டியிருக்கிறது. ஊரில் அதற்கென்று இருப்பவர் குருவானவர் ஒருவரே. பேசிவிட்டு எழுந்து வரும்போது அவர் யாரிடம் பேசியிருக்கிறார்? ஆன்ம மேய்ப்பரிடமா, மேலதிகாரியிடமா, வீட்டுச் சொந்தக்காரரிடமா?

அந்தக் குருவானவர் நல்லவராகவே இருக்கட்டும். கேட்டதை வெளியில் சொல்லாதவர், பணத்தில் கறாரானவர், எவரையும் தவறான எண்ணத்தோடு பார்க்காதவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல் தீரவில்லை. அடுத்த மாதம் தலைமையாசிரியர் பதவி காலியாகும்போது, ‘வீட்டில் பிரச்சினை உள்ளவர், பொறுப்பைத் தாங்குவாரா?’ என்ற எண்ணம் அவருக்குள் எழாமல் இருக்குமா? எழுந்ததா இல்லையா என்பதை ஆசிரியை எப்படி அறிவார்? குருமாரின் நெறி பற்றிய பேச்சு நம்மிடம் பெரும்பாலும் கெட்ட மனிதர்களைப் பற்றிய பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஒரே மனிதரிடம் பல அதிகாரங்கள் குவிந்திருப்பது நல்ல மனிதரையும் எப்படி இக்கட்டில் நிறுத்துகிறது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழகக் கிறிஸ்தவத் திருச்சபைகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: இந்தக் குவிப்பின் வரலாறும், அதைத் தடுக்க எழுந்த மிகப் பழைய விதிகளும் இங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.

மிஷன் பங்களாவின் கொடை

திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799இல் உருவானது. மதம் மாறியவர்கள் சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுக்குத் தனி இடம் வாங்கிக் குடியமர்த்தும் வழக்கம் அங்கே தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் அப்படிப் பல ஊர்கள் எழுந்தன. நிலம் மிஷன் பெயரில் இருந்தது. பள்ளி, மருந்து, கிணறு, வழக்கு என்று எல்லாம் மிஷன் பங்களாவின் திண்ணைக்கே வந்தன. 1841இல் இடையன்குடிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல் தெருக்களைக் கோடு போட்டு அமைத்தார், கோவில் கட்டினார், பள்ளி நடத்தினார். 1876 முதல் 1908இல் இறக்கும் வரை நாசரேத்தில் இருந்த ஆர்தர் மர்காஷிஸ் குருவாகவும் மருத்துவப் பணி செய்பவராகவும் தொழிற்பள்ளி நடத்துபவராகவும் ஒருசேர இருந்தார்.

இதைப் பேராசை என்று சொல்வது அநியாயம். ஜமீனும் சாதிப் பெரியவர்களும் கைவிட்ட மக்களுக்கு வேறு எவரும் இல்லாத நிலையில், எல்லாப் பாத்திரங்களையும் ஒருவரே ஏற்க நேர்ந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கேள்வி அன்றே இருந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணம் வழங்கிய கையே ஞானஸ்நானமும் வழங்கியது. பஞ்சத்தை ஒட்டிச் சபையில் சேர்ந்தோர் தொகை திடீரென உயர்ந்தது. வந்தவர்களை விசுவாசம் அழைத்ததா, கஞ்சி அழைத்ததா என்ற ஐயம் மிஷன் எதிர்ப்பாளர்களோடு நிற்கவில்லை, மிஷனரிகளிடையேயும் இருந்தது. கொடுப்பவருக்கு உள்நோக்கம் இல்லாதபோதும், பெறுபவர் ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. வெள்ளைக்கார மிஷனரிகள் மெல்ல விடைபெற்றனர். பங்களாவின் அதிகாரம் அவர்களோடு கப்பலேறவில்லை. அது சேகர குருவுக்கும் பேராயருக்கும் திருமண்டலக் குழுக்களுக்கும் கைமாறியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது என்ற ஏற்பாடு இந்த அதிகாரத்துக்குப் புதிய எடையைக் கொடுத்தது. ஓர் ஆசிரியர் பணியிடம் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் நிமிர்த்திவிடும். அதைத் தரவல்ல கை திருவிருந்து தரும் கையாகவும் இருக்கும்போது, சபைத் தேர்தல் ஏன் சட்டமன்றத் தேர்தல்போல நடக்கிறது என்பது புரியும். திருச்சபைத் தேர்தல்களையும் நிர்வாகத்தையும் மேற்பார்வையிட ஓய்வுபெற்ற நீதிபதிகளை சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வரை அது போயிருக்கிறது.

கத்தோலிக்கப் பங்குகளிலும் கதை ஏறத்தாழ இதுவே. பங்குத்தந்தையே பல இடங்களில் பள்ளித் தாளாளர். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பகுதி கோவிலுக்குச் சேரும். ஊர்ச் சண்டையில் பஞ்சாயத்துப் பேசுபவரும் பங்குத்தந்தையே. தனிச் சபைகளிலோ குவிப்பு இன்னும் இறுக்கமானது. பாஸ்டரே நிறுவனர், அறக்கட்டளை இருந்தால் அவரே நிர்வாக அறங்காவலர், கட்டடம் அவர் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ இருக்கும். அவருக்கு மேலே கேள்வி கேட்க ஆயரும் இல்லை, மன்றமும் இல்லை.

அறிந்ததை எழுதியவர்

பாத்திரங்கள் கலப்பதால் வரும் தீங்கு என்றாலே பணமும் பாலியலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதலில் கசிவது பெரும்பாலும் செய்தி. ஓர் உறவில் அறிந்தது இன்னோர் உறவில் பயன்பட்டுவிடுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் உண்டு. கால்டுவெல் 1849இல், தாம் மேய்த்த பனையேறிச் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே அது லண்டனில் மறுபதிப்பாயிற்று. மிஷனை ஆதரிக்கும் ஆங்கிலேய வாசகர்களுக்கு அந்த மக்களின் வழிபாடு, பழக்கவழக்கம், அறிவுநிலை ஆகியவற்றை விளக்கும் நூல் அது. அந்த மக்களை மிகத் தாழ்த்திக் காட்டும் பகுதிகள் அதில் இருந்தன. வீடுகளுக்குள் சென்று, நோயில் உட்கார்ந்து, சாவில் ஜெபித்து அறிந்த குருவே அங்கே இனவரைவியலாளராகவும் நிதி திரட்டுபவராகவும் எழுதினார். எழுதப்பட்டவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் அதைப் படிப்பார்கள் என்றும் எவரும் எண்ணவில்லை.

படித்தார்கள். நாசரேத் மிஷனரியால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட உபதேசியார் சட்டாம்பிள்ளை அந்நூலின் கடும் எதிர்ப்பாளர் ஆனார். 1857இல் ஐரோப்பிய மிஷனிலிருந்து முற்றாகப் பிரிந்து அவர் உருவாக்கிய சபை, இந்து கிறிஸ்தவ சபை என அறியப்பட்டது. அந்தப் பிரிவுக்குக் காரணங்கள் பல. சாதி மதிப்பு, வேலை நீக்கம், மிஷனரிகளின் கெடுபிடி எல்லாம் சேர்ந்தன. ஆயினும் நூல் தந்த காயம் ஆறவில்லை. கால்டுவெல் பேராயரான பிறகும், 1880களில்கூட அதற்கு எதிரான குரல்கள் எழுந்தன. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்த அறிஞரின் மதிப்பை இது குறைத்துவிடாது. அறிஞரும் மேய்ப்பரும் ஒருவராக இருந்தபோது மேய்ப்பர் பெற்ற நம்பிக்கை அறிஞரின் கச்சாப்பொருளாயிற்று என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. இன்று பிரசங்கத்தில் ‘பெயர் சொல்லமாட்டேன், நம்ம சபையில் ஒரு சகோதரி…’ என்று தொடங்கும் ஒவ்வொரு சாட்சியும் இதே தவற்றின் சிறு வடிவம். இருநூறு பேர் உள்ள சபையில் பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

மடத்துக்குள் எழுந்த சுவர்

இந்த ஆபத்தைத் திருச்சபை அறியாமல் இருந்ததா? இல்லை. மிகத் துல்லியமாக அறிந்திருந்தது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்வதைக் கடமையாக்கியபோதே, கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடும் தண்டனையும் விதித்தது. கேட்டதை வெளியில் சொல்லாமல் இருந்தால் போதுமா என்ற அடுத்த கேள்வி மடங்களுக்குள் எழுந்தது. மடத் தலைவரே பாவசங்கீர்த்தனம் கேட்டால், வாய் திறக்காமலே அந்த அறிவைக் கொண்டு ஒருவரை இடம் மாற்றலாம், பதவி மறுக்கலாம். 1593இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் இதைத் தடுத்தார். பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை நிர்வாகத்தில் பயன்படுத்தலாகாது என்பது அவர் ஆணை. 1890இல் பதின்மூன்றாம் லியோ இன்னொரு கதவை அடைத்தார். துறவற இல்லத் தலைவிகள் சகோதரிகளை வற்புறுத்தி அவர்களுடைய மனச்சாட்சியின் உள்விஷயங்களைச் சொல்லவைக்கக் கூடாது என்றார்.

1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்தப் பட்டறிவைச் சட்ட விதிகளாக்கியிருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளி நிர்வாகத்துக்கு எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது 984ஆம் விதி. குருமடத்தின் அதிபரோ வேறு கல்வி நிலையத்தின் அதிபரோ அதே இல்லத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது என்பது 985. மாணவர் தாமாக முன்வந்து கேட்டால் மட்டும் விலக்கு. ஒரு மாணவரைக் குருத்துவத்துக்கு ஏற்கலாமா, மடத்திலிருந்து விலக்கலாமா என்று முடிவு செய்கையில் ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்கிறது 240.

இந்த விதிகளின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவை குருவின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடவில்லை. அதிபர் ஒழுக்கமானவர் என்றால் கேட்கலாம் என்று எழுதவில்லை. உள்ளத்தை அறிபவரும் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று ஆளையே பிரித்துவிட்டன.

ஆனால் சுவர் மடத்து வாசலோடு நின்றுவிட்டது. நவசந்நியாசிக்கும் குருமாணவருக்கும் கிடைத்த காப்பு, பங்குப் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியைக்கோ கோவில் மனையில் குடியிருப்பவருக்கோ கிடைக்கவில்லை. அருட்சாதனத்தின் மறைவு அவர்களுக்கும் உண்டுதான். ஆனால் அவர்களில் பலர் துயரத்தைச் சொல்வது பங்கு அலுவலகத்தில், வீடு சந்திப்பில், மருத்துவமனைக் கட்டிலருகில். அங்கே அந்த விதிகள் எட்டுவதில்லை. பாவ அறிக்கை பெரிதும் பொது வழிபாட்டுக்குள் அடங்கிவிட்ட சீர்திருத்தச் சபைகளில், பேசும் இடமெல்லாம் இத்தகைய வெளியிடமே. என் வாதம் இதுதான்: குருமார் தமக்குள் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காக்க எழுப்பிய அதே சுவரைச் சபையாருக்கும் எழுப்ப வேண்டும். புதிய இறையியல் எதுவும் இதற்குத் தேவையில்லை. இருப்பதை வாசலுக்கு வெளியே நீட்டினால் போதும்.

உளவியலாளரின் விதி

தற்காலத் தொழில்நெறிகளில் இதற்கு நெருக்கமானது உளவியலாளர்களுடையது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு நெறித்தொகுப்பு, ஒரே நபரோடு தொழில் உறவும் வேறோர் உறவும் வைத்திருப்பதை முழுவதும் தடை செய்யவில்லை. அது தம் நடுநிலையையோ திறனையோ குலைக்கும், அல்லது மற்றவரைச் சுரண்டவோ அவருக்குத் தீங்கு விளைக்கவோ இடம் தரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால் அந்த உறவில் இறங்கக் கூடாது என்கிறது. ஆக, பாத்திரங்களின் எண்ணிக்கையே குற்றமாகாது.

இதை அப்படியே குருமாருக்குப் பொருத்த முடியாது. உளவியலாளர் ‘நீங்கள் என் பக்கத்து வீட்டுக்காரர், வேறொருவரைப் பாருங்கள்’ என்று சொல்லிவிடலாம். குருவானவர் சபையார் எவரையும் அப்படி அனுப்ப முடியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதும், வயலில் நின்று நலம் விசாரிப்பதும், பிள்ளையின் படிப்பைக் கேட்பதும் ஊழியத்தின் பகுதி. அறைக்குள் ஐம்பது நிமிடம் என்ற கணக்கில் மேய்ப்புப் பணி நடப்பதில்லை. இந்த உறவுகளையெல்லாம் அறுத்தெறிந்து தூரத்தில் நிற்கும் குருவை எந்தச் சபையும் விரும்பாது, விரும்பவும் கூடாது.

எனவே தேவை, எந்தக் கலப்பைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று பிரிக்கும் அளவுகோல். இரண்டு கேள்விகள் அதற்குப் போதும். ஓர் உறவில் சபையார் ‘மாட்டேன்’ என்று சொன்னால் இன்னோர் உறவில் அவருக்கு அடி விழக்கூடுமா? ஓர் உறவில் அவர் சொன்னது இன்னோர் உறவில் அவருக்கு எதிராகப் பயன்படக்கூடுமா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கலப்பு ஊர்வாழ்வின் இயல்பு. குருவானவர் சபையார் ஒருவரின் கடையில் அரிசி வாங்குவது அந்த வகை. அந்தக் கடைக்காரர் கோவில் கடையின் வாடகைதாரராகவும் இருந்து, அரிசிக்குப் பணம் கேட்கத் தயங்கினால், அது வேறு வகை.

சம்மதமும் அதிகாரமும்

பாலியல் எல்லை மீறலைப் பற்றிய பேச்சு நம் ஊரில் ‘கள்ள உறவு’ என்ற தொடரோடு முடிந்துவிடுகிறது. இருவரும் வயதுவந்தவர்கள், இருவரும் சம்மதித்தார்கள், ஆகவே இருவரும் பாவிகள் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் பெண் சபையை விட்டுப் போவார். குருவானவர் வேறு சேகரத்துக்கு மாற்றலாவார். மேலே சொன்ன முதல் கேள்வியை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. ஆலோசனைக்கு வந்தவர், வேலைக்கு அவரையே நம்பியிருப்பவர், இறைவனின் குரலை அவர் வாயில் கேட்டுப் பழகியவர் ஆகியோர் மறுக்கும் நிலையில் இல்லை.

அமெரிக்காவில் மேரி ஃபார்ச்சூன் என்ற குரு 1989இல் எழுதிய நூல் இக்கருத்தைத் திருச்சபைகளின் மேசைக்குக் கொண்டுவந்தது. பேய்லர் பல்கலைக்கழகத்தின் டயானா கார்லண்ட் தலைமையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆராதனைக்குத் தவறாமல் செல்லும் அமெரிக்கப் பெண்களில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர், வயதுவந்த பின் சமயத் தலைவரின் பாலியல் அணுகலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கேட்கச் சிறிய விழுக்காடுதான். ஆனால் நானூறு பெண்கள் உள்ள ஒரு சபையில் அது பன்னிரண்டு பெண்கள்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்திருக்கிறது. மினசோட்டா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில், ஆலோசனை பெற வந்தவரோடு குரு பாலுறவு கொள்வது அவர் சம்மதித்திருந்தாலும் குற்றம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2022இல், பதினாறு பதினேழு வயதினரிடம் ‘நம்பிக்கைப் பொறுப்பில்’ இருப்போர் பட்டியலில் சமயத் தலைவர்களையும் விளையாட்டுப் பயிற்றுநர்களையும் சேர்த்தன. இந்தியாவில் 2013 திருத்தத்தில், அதிகாரப் பொறுப்பையோ நம்பிக்கை உறவையோ பயன்படுத்திப் பெண்ணை உடலுறவுக்கு இணங்கவைப்பது, வன்புணர்வாக எண்ணப்படாத நிலையிலும், தனிக் குற்றமாயிற்று. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 68ஆம் பிரிவு. ‘குரு’ என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் தாளாளர் – ஆசிரியை உறவு அதிகாரம் அல்ல என்று வாதிடுவது கடினம். கத்தோலிக்கச் சட்டமும் 2021 திருத்தத்தில், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் மீறலைக் குருமார்க்குரிய குற்றங்களில் வெளிப்படையாகச் சேர்த்தது. தன்னோடு பாவத்தில் பங்குகொண்டவருக்குத் தானே பாவமன்னிப்பு வழங்கினால், மரண ஆபத்தில் தவிர, அது செல்லாது என்ற விதி அதற்கும் முன்பிருந்தே உண்டு. மன்னிப்பு வழங்கும் அதிகாரமே வாயடைக்கும் கருவியாகிவிடக் கூடாது என்று அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

2018இல் கேரளத்தில், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே ஒரு பெண்ணை மிரட்டியதாகக் குருமார் சிலர்மீது புகார் எழுந்தபோது, தேசிய மகளிர் ஆணையம் அச்சடங்கையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. சபைகள் கொதித்தெழுந்தன, சமய உரிமை பற்றிய விவாதமாக அது மாறிற்று. சடங்கை ஒழிப்பதா காப்பதா என்ற சண்டையில் முக்கியமான கேள்வி அடிபட்டுப் போனது: சொன்னதைக் கொண்டு மிரட்டப்பட்டால், அந்தப் பெண் சபைக்குள் யாரிடம் போவார்?

புரோநோட்டும் உயிலும்

பணத்தைப் பற்றிய விதிகளில் திருச்சபைச் சட்டம் வியக்கத்தக்க அளவு உலகியல் அறிவோடு இருக்கிறது. மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் குருமார் பொதுநிலையினரின் சொத்தை நிர்வகிக்கக் கூடாது. அவரைக் கலந்தாலோசிக்காமல் எவருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது 285ஆம் விதி. ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது 537. சீட்டுப் பிடிப்பதும் புரோநோட்டு எழுதுவதும் கைமாற்று வாங்குவதும் அன்றாடமான ஊர்களில் இவ்விதிகளின் பயன் உடனே புரியும். கடன் கொடுத்த சபையார் திருப்பிக் கேட்க முடியாது. வாங்கிய சபையார் திருவிருந்துக்கு முன்னால் தலைநிமிர முடியாது.

ஆன்ம வழிகாட்டிக்குக் கொடுத்த சொத்து பற்றி நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேலாகத் தெளிவாகவே இருக்கின்றன. 1887இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஆல்கார்ட் – ஸ்கின்னர் வழக்கில், ஆங்கிலிக்கன் துறவற இல்லத்தில் சேர்ந்த பெண் சுமார் 7,000 பவுண்டு மதிப்புள்ள சொத்தை இல்லத் தலைவியிடம் ஒப்படைத்திருந்தார். அவரை அங்கே அறிமுகப்படுத்திய ஆன்ம வழிகாட்டியே அந்த இல்லத்தை நிறுவியவர்களில் ஒருவர். தலைவியின் அனுமதியின்றி வெளியார் ஆலோசனையைச் சகோதரிகள் நாடக் கூடாது என்பது இல்லத்தின் விதி. எவரும் ஏமாற்றியதாகவோ நேரடியாக வற்புறுத்தியதாகவோ நீதிமன்றம் சொல்லவில்லை. உறவின் தன்மையே முறையற்ற செல்வாக்கை ஊகிக்கப் போதுமானது என்றது. வழக்கைத் தாமதமாகத் தொடுத்ததால்தான் அந்தப் பெண் தோற்றார்.

மூன்று ஆண்டுகளில் இதே கொள்கை இந்திய மண்ணில் ஓர் இந்து குருவின் வழக்கிலும் ஒலித்தது. 1890இல் மன்னு சிங் – உமாதத் பாண்டே வழக்கில், மறுமைப் பயனுக்கென்று முதியவர் ஒருவர் தம் சொத்தைக் குருவுக்கு எழுதிக் கொடுத்ததை அலகாபாத் உயர் நீதிமன்றம் நிற்கவிடவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இக்கருத்து நிலைபெற்றிருக்கிறது. நம்பிக்கை உறவில் மேலே இருப்பவர் நியாயமற்ற ஆதாயம் பெற்றதாகத் தோன்றினால், செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. மடம், ஆசிரமம், சபை எல்லாவற்றுக்கும் பொருந்தும் நீதி இது. ஊழல் நடந்ததா என்ற விசாரணைக்கு முன்பே, வெளியாரின் ஆலோசனையைக் கேட்கும் வழி திறந்திருந்ததா என்று அது கேட்கிறது.

ரகசியத்தின் வரம்பு

1813இல் நியூயார்க்கில், திருட்டுப் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுத்த ஆண்டனி கோல்மன் என்ற இயேசு சபைக் குரு, அதைத் தம்மிடம் தந்தவர் யார் என்று சொல்ல மறுத்தார். நீதிமன்றம் அவர் மறுப்பை ஏற்றது. 1828இல் அந்த மாநிலம் அதைச் சட்டமாகவே இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டக் காப்பு இல்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வழக்கறிஞர் – கட்சிக்காரர் பேச்சையும் கணவன் – மனைவி பேச்சையும் காத்தது; குரு – விசுவாசி பேச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தாளாளராகவும் இருக்கும் குருவானவர் இங்கே இரட்டைக் கடமைக்குள் நிற்கிறார். ஒரு மாணவியின் தாய் ஆறுதலுக்கு வந்து பேசும்போது கேட்பது மேய்ப்பரின் காது; சட்டம் பார்ப்பது தாளாளரின் பொறுப்பை. ஆகவே ‘நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்’ என்று எல்லையில்லாமல் வாக்குக் கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும் நேர்மையாகாது. எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குருவுக்கு யார் குரு?

குவிப்பால் காயப்படுபவர் சபையார் மட்டுமல்லர். பேராயர் தம் குருமாருக்கு ஆன்மத் தந்தை. அவர்களை இடம் மாற்றுபவரும் நியமிப்பவரும் விசாரிப்பவரும் அவரே. மனச்சோர்வில் இருக்கும், குடியில் விழுந்துவிட்ட, விசுவாசத்தில் தடுமாறும் குரு ஒருவர் பேராயரிடம் போய் உண்மையைச் சொன்னால், அடுத்த மாற்றல் பட்டியலில் கடைக்கோடிச் சேகரம் தம் பெயருக்கு நேரே இருக்குமோ என்று அஞ்சுவார். ஆகவே சொல்லமாட்டார். சொல்லாத சோர்வு முற்றிச் சபையார் மீது இறங்கும். ஊர் ‘ஐயரம்மா’ என்று அழைக்கும் குருவானவரின் மனைவிக்கும் இதே நிலை. பெண்கள் ஐக்கியத்தை நடத்த வேண்டியவர், சம்பளமில்லாத ஊழியர், கணவரின் பணியிடத்திலேயே வாழ்பவர். தம் மணவாழ்வின் துயரைப் பேச அவருக்கு மேய்ப்பர் யார்? குருமடத்து மாணவருக்கு அதிபர் வேறு, ஆன்ம வழிகாட்டி வேறு என்று வைத்த சட்டம், அவர் அபிஷேகம் பெற்ற மறுநாள் அந்தக் காப்பை எடுத்துவிடுவதுபோல் இருக்கிறது.

எங்கே தொடங்கலாம்?

தீர்வுகள் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலானவை செலவும் வைக்காது. பள்ளித் தாளாளர் பொறுப்பைச் சேகரத்துக் குருவிடமிருந்து பிரித்து, வேறு சேகரத்தவருக்கோ தகுதியுள்ள பொதுநிலையினருக்கோ தரலாம். குருவே தாளாளராக இருந்தாக வேண்டிய இடங்களில், தம் சபையாரின் நியமனமோ பதவி உயர்வோ ஒழுங்கு நடவடிக்கையோ விவாதிக்கப்படும் கூட்டத்திலிருந்து அவர் விலகி நிற்கலாம். விலகியதைக் குறிப்பேட்டில் எழுதலாம். ஆழ்ந்த ஆலோசனை தேவைப்படுபவரை அடுத்த சேகரத்துக் குருவிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ அனுப்பும் வழக்கத்தைத் திருமண்டலமே ஏற்படுத்தலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கேட்கும் உள் புகார்க் குழு, வெளி உறுப்பினரோடு உண்மையிலேயே இயங்க வேண்டும். குருமீதான புகாரைக் கேட்பவர் அவரை மாற்றல் செய்பவராக இருக்கக் கூடாது. பேராயருக்கு உட்படாத ஓர் ஆன்ம வழிகாட்டி குருமாருக்கு வேண்டும்.

இவற்றை எதிர்ப்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். பள்ளி சபையின் சாட்சி, குருவை அதிலிருந்து விலக்கினால் அது வெறும் கம்பெனி ஆகிவிடும் என்பது ஒன்று. ஆனால் பாத்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையை அரசு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. உதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கும் குருமாரும் அருட்சகோதரிகளும் வறுமை வாக்குத்தத்தத்தின்படி சம்பளத்தைத் தம் சபைக்கே கொடுத்துவிட்டாலும், அதில் வருமான வரி பிடிக்கத்தான் வேண்டும் என்ற நிலையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வகுப்பறையில் நிற்பவர் ஆசிரியர், பீடத்தில் நிற்பவர் குரு என்று வருமான வரித் துறை பிரித்துப் பார்க்கிறது. சபையும் தன் நன்மைக்காக அப்படிப் பார்க்கப் பழகலாம்.

மற்றது, ‘நம் குருவானவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்பது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்; அவர் உட்கார்ந்த நாற்காலியும் அதைச் சுற்றிய அதிகாரங்களும் அடுத்தவருக்கு அப்படியே கிடைக்கும். நல்ல குருவுக்கும் பிரிவினை நன்மையே செய்கிறது. அவரிடம் அழுதுவிட்டுப் போன ஆசிரியைக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போனால், தாம் காரணமில்லை என்று அவர் நிரூபிக்கவே முடியாது. தீர்மானத்தில் அவர் கையே இல்லையென்றால் நிரூபிக்க வேண்டிய தேவை எழாது.

எல்லையைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் எல்லாம் முடிகிறது. அந்தச் சுமையைச் சபையார்மீது வைத்துவிட்டு, ‘அவர்கள் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்லும் வழக்கம் நமக்கு எளிதாக வருகிறது. ஆனால் மறுக்க இயலாத இடத்தில் நிற்பவரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதில் பொருளில்லை. மறுத்தாலும் இழப்பு வராது என்ற நிலையை உருவாக்குவது அதிகாரம் உள்ளவரின் கடமை. அவருக்கு அதிகாரம் தந்த திருமண்டலத்தின், மறைமாவட்டத்தின், அறக்கட்டளையின் கடமை. 1593இல் ஒரு திருத்தந்தை மடத் தலைவர்களிடம் கேட்டதை இன்று தாளாளர்களிடமும் சேகர குருமாரிடமும் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.